இரும்பு தோண்டிய மண்ணில் புல்திடல்கள்

ஸ்காட்லாந்தின் கடலோர மணல்மேடுகளில் வளர்ந்த கோல்ஃப் ஆட்டம், கடலிலிருந்து வெகுதொலைவிலுள்ள அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து வடபகுதியில் இயல்பாகப் பொருந்தியதற்கு அந்நிலத்தின் பழைய வரலாறே காரணம். அப்பகுதியை மூடியிருந்த பனிப்பாளங்கள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் உருகிப் பின்வாங்கியபோது, மண்ணில் புதைந்து கிடந்த பெரும் பனிக்கட்டிகள் கரைந்த பள்ளங்களில் நீர் தங்கி ஏரிகள் உண்டாயின. உருகிய நீர் அடித்து வந்து பரப்பிய மணல், மழைநீர் தேங்காத மேடுபள்ளங்களாக எஞ்சியது. அம்மாநிலத்தில் 10 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகள் மட்டும் 11,842 என்பது அரசுக் கணக்கு. அவற்றினிடையே பைன் மரங்களும் வெண்பட்டை பூர்ச்ச மரங்களும் அடர்ந்து நிற்கின்றன.

இவ்வட்டாரத்தில் பெயர்பெற்றது பிரெய்னர்ட் நகரையொட்டிய ஏரிப் பகுதி. கோடைக்கால விடுதிகளை மையமாகக் கொண்டு வளர்ந்த இப்பகுதியில், புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஆர்னால்ட் பாமர் வடிவமைத்துத் தம் தந்தையின் செல்லப் பெயரால் வழங்கிய ‘டீக்கன்ஸ் லாட்ஜ்’ திடல் 1999-இல் திறக்கப்பட்டது. எனினும், 1997-இல் திறக்கப்பட்ட ‘மேடன்ஸ்’ விடுதியின் ‘கிளாசிக்’ திடலே கூடுதல் கவனத்துக்குரியது. ஏனெனில் அதை வடிவமைத்த ஸ்காட் ஹாஃப்மன் வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டவரல்லர், அவ்விடுதியின் புல்லைப் பேணும் கண்காணிப்பாளராகப் பணியாற்றியவர். நீர் எங்கே வடியும், பனி எங்கே கடைசியாக உருகும் என்பதை ஆண்டுதோறும் பார்த்தறிந்த ஒருவர் காட்டினூடே தடம் வகுத்தபோது, நிலத்தை வருத்தாத ஒரு திடல் உருவாயிற்று.

புல்லைப் பேணுவது அங்கே எத்துணைக் கடினமென்பதை உணர்ந்தாலன்றி அத்திடல்களின் அருமை விளங்காது. ஆட்டக்காலம் ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரைதான். எஞ்சிய மாதங்களில் திடல் பனிக்கடியில் கிடக்கும். குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டி வைக்கப்படும் புற்பரப்பு ‘கிரீன்’ எனப்படுகிறது. குளிர்காலத்தில் அதுவே முதலில் பாதிக்கப்படுகிறது. நீண்ட நாள் படிந்திருக்கும் பனியின் ஈரத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சை புல்லைத் திட்டுத்திட்டாக அழுகச் செய்வதால், முதற்பனி விழுவதற்கு முன்பே மருந்து தெளிக்க வேண்டும். இளவேனிலின் தொடக்கத்தில் பகலில் உருகும் நீரை உறிஞ்சிக்கொண்ட புல்லின் குருத்து, இரவில் மீண்டும் உறையும்போது உயிரணுக்கள் சிதைந்து மடிந்துவிடும். தானே முளைத்துப் பரவும் ‘போவா’ என்னும் புல்வகை இதற்கு எளிதில் பலியாகிறது. படர்ந்து வளரும் ‘பென்ட்’ புல்லோ பெரும்பாலும் தாங்கி நிற்கிறது. ஏரிகளைக் காக்கும் பொருட்டு, புல்வெளிகளுக்குப் பாஸ்பரஸ் கலந்த உரமிடுவதை மாநிலச் சட்டம் 2005 முதல் எங்கும் கட்டுப்படுத்தியுள்ளது. அந்தச் சத்து நீரில் கலந்தால் பாசி பெருகி ஏரி கெடும். கோல்ஃப் திடல்களுக்கு விலக்கு உண்டாயினும், முறையாகப் பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில்தான் அவ்வுரத்தை இட முடியும். இந்த நிபந்தனை மிகவும் நியாயமானது. ஏரியழகைக் காட்டி ஆட்டக்காரரை அழைக்கும் திடல், அந்த ஏரிக்கே கேடாகிவிடலாகாது.

வடகிழக்கே பயணம் செய்தால் மெசாபி இரும்பு மலைத்தொடர் வருகிறது. 1890-இல் மெரிட் சகோதரர்கள் அங்கே தாதுவைக் கண்டறிந்தது முதல், அமெரிக்காவின் எஃகு ஆலைகளுக்கு உணவளித்த நிலம் அது. உயர்தரத் தாது குறையத் தொடங்கியபோது வட்டாரத்துக்கு வேறு பிழைப்பைத் தேடும் பொறுப்பு, 1941-இல் நிறுவப்பட்ட ஓர் அரசு அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. பிவாபிக் ஊரருகே பனிச்சறுக்கு மலையாக இருந்த ‘ஜயன்ட்ஸ் ரிட்ஜ்’ பின்னர் அவ்வமைப்பின் பொறுப்புக்கு வந்து, ‘லெஜண்ட்’ (1997), ‘குவாரி’ (2003) ஆகிய இரு பொதுத் திடல்களைப் பெற்றது. சேபின் ஏரியின் நீருக்கு மேலே பந்தை அடித்துக் கடக்க வேண்டிய பதினேழாம் குழி ‘லெஜண்ட்’ திடலின் பெருமை. இரண்டையும் ஒப்பிடுமிடத்து ‘குவாரி’யே மேலான படைப்பு எனத் துணியலாம். சுரங்க வேலையும் மணல் அகழ்வும் நடந்து ஓய்ந்த நிலத்தைச் சமன்படுத்தி மறைக்காமல், குவிந்த மேடுகளையும் வெட்டுப்பள்ளங்களையும் ஆட்டத்தின் தடைகளாகவே வடிவமைப்பாளர் ஜெஃப்ரி பிராவர் ஆக்கிக்கொண்டார். புதிதாகக் காட்டை அழிப்பதைவிட, மனிதர் முன்பே குலைத்துவிட்ட மண்ணுக்கு உயிரூட்டுவது எவ்வளவோ மேல்.

அதே பிராவர் 2004-இல் வெர்மிலியன் ஏரிக்கரையில் அமைத்த ‘வில்டர்னஸ்’ திடலில், வெளியே துருத்திய பாறைகளும் பைன் மரங்களும் தடத்தை நெருக்குகின்றன. பந்து வழிதவறினால் பாறையில் பட்டு எங்கும் போய்விடலாம் என்பதால், வலிமையை விட நிதானமே அங்குக் கைகொடுக்கும். அத்திடலின் உடைமையாளர், ஒஜிப்வே பழங்குடியினரின் ஒரு பிரிவான போய்ஸ் ஃபோர்ட் மக்கள். 1865-இல் அந்த ஏரியருகே தங்கம் கிடைப்பதாகப் பரவிய செய்தியால் வெளியார் குவிந்ததைத் தொடர்ந்து, மறு ஆண்டு ஒப்பந்தத்தின் வழியே அம்மக்கள் ஏரிக்கரை நிலத்தை இழந்தனர். 1881-இல்தான் சிறு பகுதி அவர்களுக்கென மீண்டும் ஒதுக்கப்பட்டது. இன்று அந்த ஏரிக்கரையில் விடுதியையும் திடலையும் நடத்துவது அவர்களே.