முடிக்காகத் தின்ற மாத்திரையால் முடி உதிரும்! அளவு மீறிய சத்தின் கதை

தேவரா: சாயங்காலம் ஆறரை மணிக்குமேல் தேவரா மருந்துக் கடைகளின் முன்னால் கொஞ்சநேரம் நின்றால் மலையாளத்தோடு தமிழும் காதில் விழும். கட்டட வேலை முடிந்து வாத்துருத்திக்குத் திரும்புகிறவர்கள், வில்லிங்டன் தீவில் ஆபீஸ் முடிந்து பாலம் தாண்டி வருகிற குமாஸ்தாக்கள், எல்லோருக்கும் பொதுவான இடம் அது.

"சேட்டா, உடம்பு ரொம்ப அசதி. சத்து மாத்திரை ஒரு அட்டை கொடுங்க."

டாக்டரிடம் போனால் பீஸ் ஒருபுறம், அரை நாள் கூலி மறுபுறம். கடையில் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும். ஒரு அட்டை வாங்கித் தின்பதால் குடி முழுகிப்போவதில்லை. ஆனால் ஒரு அட்டை பத்து அட்டையாகி, அதோடு ஒரு டானிக்கும், போதாததற்கு மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் சேரும்போதுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. மூன்றிலும் ஒரே வைட்டமின் இருக்கலாம். வாங்குகிறவர் அதைக் கூட்டிப் பார்ப்பதில்லை. சம்பளப் பில்லில் ஒரு ரூபாய் குறைந்தால் கண்டுபிடித்துவிடுகிற நம்மவர்கள்கூட, மாத்திரை அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

வைட்டமின்களில் இரண்டு ஜாதி உண்டு. தண்ணீரில் கரைகிற பி, சி வகைகள் மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். பி காம்ப்ளக்ஸ் சாப்பிட்ட அன்று சிறுநீர் மஞ்சளாகப் போவது அதனால்தான், பயப்பட ஒன்றுமில்லை. எண்ணெயில் கரைகிற ஏ, டி, ஈ, கே வகைகள் அப்படியல்ல. மிஞ்சியது உடம்பிலேயே தங்கும். இவற்றில் ஏ வைட்டமின் சேருகிற கிடங்கு ஈரல். கிடங்கு நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

வினோதம் என்னவென்றால், எந்தக் குறைகளுக்காக இந்த மாத்திரையைத் தேடிப் போகிறோமோ, அளவு மீறினால் அதே குறைகளை அதுவே கொண்டுவருகிறது. முடி உதிர்கிறது என்று சாப்பிடுகிறார்கள். ஏ வைட்டமின் மிஞ்சினால் முடி உதிரும். தோல் வறண்டிருக்கிறது என்று சாப்பிடுகிறார்கள்; மிஞ்சினால் தோல் காய்ந்து உரியும், உதடு வெடிக்கும். அசதிக்கென்று சாப்பிடுகிறார்கள், மிஞ்சினால் அசதி, பசியின்மை, எலும்பு வலி, விடாத தலைவலி. மண்டைக்குள் அழுத்தம் ஏறிக் கண் பார்வை மங்குவதும் உண்டு. கடைசியில் ஈரலே கெடும். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கேடு இன்னும் சீக்கிரம் வரும். முடி உதிர்வது அதிகமானதும் மனிதர் என்ன செய்கிறார்? இன்னொரு மாத்திரை கூட்டிக்கொள்கிறார்!

தோப்பும்படியில் இறங்கும் சுறா

இந்தக் கதைக்கும் கொச்சிக்கும் பழைய சம்பந்தம் உண்டு. தேவராவில் பஸ் ஏறி வெண்டுருத்திப் பாலம், தீவு எல்லாம் தாண்டினால் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம். ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து மீனவர்கள். அவர்கள் கொச்சியைத் தளமாகக் கொண்டு தொழில் செய்கிறார்கள். வாரக் கணக்கில் கடலில் கிடந்து திரும்பும் அவர்களுடைய படகுகளிலிருந்து சுறாக்கள் இறங்குவது இந்தத் துறைமுகத்தில் பழகிப்போன காட்சி.

சுறாவும் தன் சத்தை ஈரலில்தான் சேர்த்து வைக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1940-ல் ஜெர்மனி நார்வேயைப் பிடித்துக்கொண்டதும், அங்கிருந்து வந்துகொண்டிருந்த காட் மீன் ஈரல் எண்ணெய் நின்றுபோனது. அப்போது சென்னை மாகாணத்து மீன்துறை கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் தயாரிக்க முற்பட்டது, திருவாங்கூரும் செய்தது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு சுறாவின் எண்ணெயில் இருக்கும் ஏ வைட்டமின் இன்னொரு சுறாவின் எண்ணெயில் இருப்பதைப்போலப் பல மடங்கு இருக்கும். அப்படியே குப்பியில் அடைத்துக் கொடுக்க முடியாது. ஆகவே வலிவைச் சோதித்து, கடலை எண்ணெய் கலந்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார்கள். மருந்து எண்ணெய்க்கும் வெறும் எண்ணெய்க்கும் உள்ள வித்தியாசமே அந்த அளவுதான். பிற்பாடு 1947-ல் சுவிட்சர்லாந்தில் ஆட்டோ ஐஸ்லர் குழுவினர் ஏ வைட்டமினைச் செயற்கையாகவே செய்துகாட்ட, ஈரல் எண்ணெய்க்கு இருந்த கிராக்கி போய்விட்டது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். கடையில் 'மீன் குளிகை' என்று கேட்டால் இரண்டு விதம் கிடைக்கும். மீனின் உடம்புக் கொழுப்பிலிருந்து எடுக்கிற எண்ணெயில் 'ஒமேகா' கொழுப்புதான் முக்கியம். ஏ, டி வைட்டமின்கள் சொற்பம். ஈரலிலிருந்து எடுக்கிற எண்ணெயில்தான் ஏ, டி இரண்டும் உண்டு. இரண்டு குப்பியிலும் மீன் படம் போட்டிருக்கும்!

ஈரலை அதிகம் தின்று அவதிப்பட்ட கதைகள் உலகத்தில் நிறைய உண்டு. வடதுருவத்துப் பனிக்கரடியின் ஈரலைத் தொடக்கூடாது என்பது எஸ்கிமோக்கள் வழிவழியாய் அறிந்தது. அதிலுள்ள விஷம் ஏ வைட்டமின்தான் என்று 1943-ல் ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்தார்கள். ஜப்பானில் இஷினாகி என்ற பெரிய மீனின் ஈரலைத் தின்றவர்களுக்குத் தலைவலியும் வாந்தியும் வந்து, தோல் உரிந்தது. 1960-ல் அந்த அரசாங்கம் அந்த ஈரலை உணவாக விற்கத் தடை போட்டது. நம்மூரில் மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரல் கொடுப்பது பழைய கைவைத்தியம். அது சரியான வைத்தியமே. எப்போதாவது ஈரல் சாப்பிடுவதால் ஒன்றும் வந்துவிடாது.

கரண்டி போய் கப் வந்தது

அளவு தவறினால் என்ன நேரும் என்பதை நம் நாடே பார்த்த சம்பவம் ஒன்று உண்டு. குழந்தைகளின் கண்ணைக் காப்பாற்ற ஏ வைட்டமின் திரவம் கொடுக்கும் தேசியத் திட்டம் 1970-ல் தொடங்கியது. அதற்கு வழிகாட்டியது ஹைதராபாத்தின் தேசிய உணவூட்ட நிறுவனம். அது 1918-ல் நம் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் ஒரு சிறிய ஆராய்ச்சிக்கூடமாகப் பிறந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு ஒரு தடவைக்கு 2 லட்சம் யூனிட். அதாவது 2 மில்லி லிட்டர். ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான். அதை ஈரலில் சேர்த்து வைத்துக் குழந்தை கொஞ்சங் கொஞ்சமாகச் செலவழித்துக்கொள்ளும். இப்படிக் கொடுத்ததால் எத்தனையோ குழந்தைகளின் பார்வை தப்பியிருக்கிறது.

2001 நவம்பர் 11-ந் தேதி அசாம் மாநிலம் முழுவதும் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு ஒரே நாளில் இந்தத் திரவம் கொடுக்கப்பட்டது. வழக்கமாக ஊற்றிக் கொடுப்பது 2 மில்லி கரண்டியால். அந்தத் தடவை 5 மில்லி பிடிக்கும் பிளாஸ்டிக் கப் வந்திருந்தது. கரண்டியை நிரப்பிப் பழகிய கை கப்பையும் நிரப்பினால் கணக்கு என்ன? 2 லட்சத்துக்குப் பதில் 5 லட்சம் யூனிட்!

ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வாந்தியும் தலைவலியுமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்பட்டன. சில குழந்தைகள் இறந்தும் போயின. அந்த மரணங்களுக்கு மருந்துதான் காரணமா, அல்லது பல லட்சம் குழந்தைகள் உள்ள மாநிலத்தில் வேறு நோய்களால் தினமும் நேரும் மரணங்கள் அவையா என்று பெரிய வாதம் எழுந்தது. திட்டத்துக்குத் துணைநின்ற யூனிசெப் இரண்டாவதைச் சொன்னது. பலர் அதை ஏற்கவில்லை. வாதம் எப்படியானாலும், கண்ணைக் காப்பாற்ற வந்த மருந்தே, பாத்திரம் மாறியதால் வீட்டு வாசலில் பீதியைக் கொண்டுவந்தது. படித்த அதிகாரிகள் திட்டமிட்ட காரியத்திலேயே இப்படி என்றால், டானிக்கைச் சாப்பாட்டுக் கரண்டியால் ஊற்றிக் குடிக்கிற நம் குடும்பங்களைக் கேட்க வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய ஏ வைட்டமின் சுமார் 3,300 யூனிட். தினசரி 10,000 யூனிட்டுக்கு மேல் போகக்கூடாது. மருந்தாகக் கொடுக்கிற மாத்திரைகளில் 50,000 யூனிட் கொண்டவையும் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாத்திரை பதினைந்து நாள் தேவைக்குச் சமம். டாக்டர் ஒரு நோய்க்குச் சில நாள் கொடுக்கிற அந்த மாத்திரையை, "போன தடவை நன்றாகக் கேட்டது" என்று மாதக்கணக்கில் தொடர்கிறவர்களைப் பற்றித்தான் கவலை.

ஊருக்கு அனுப்பும் குப்பி

அதைவிடப் பெரிய கவலை வேறொன்று. ஊரில் மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வருகிறது. இங்கே இருக்கிற மனிதர் பக்கத்தில் இருந்து கவனிக்க முடியவில்லையே என்ற ஏக்கத்தில், ஊருக்குப் போகிறவர் கையில் ஒரு குப்பி சத்து மாத்திரையும் ஒரு குப்பி மீன் ஈரல் எண்ணெய்க் குளிகையும் கொடுத்தனுப்புகிறார். அன்பில் குறைவில்லை. ஆனால் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ஏ வைட்டமின் மிஞ்சினால் வயிற்றில் வளரும் சிசுவின் முகம், இருதயம், மூளை ஆகியவற்றின் அமைப்பே தவறிப்போகக் கூடும். அமெரிக்காவில் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் 22,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பற்றி 1995-ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் 10,000 யூனிட்டுக்கு மேல் மாத்திரையாகச் சாப்பிட்டவர்களில் சுமார் 57 பேருக்கு ஒருவர் வீதம் இந்தக் காரணத்தால் குறையுள்ள குழந்தையைப் பெற்றதாகக் கணக்கிட்டார்கள். எந்த அளவிலிருந்து அபாயம் என்பதில் பிறகு தர்க்கம் உண்டானாலும், கர்ப்பிணிகள் மீன் ஈரல் எண்ணெயையும், அடிக்கடி ஈரல் சாப்பிடுவதையும் தவிர்க்க வேண்டும் என்றே வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து, போலிக் அமில மாத்திரையையும் நிறுத்தச் சொல்லி ஊருக்குப் போன் செய்துவிடக் கூடாது! அதில் ஏ வைட்டமின் கிடையாது. அது கட்டாயம் சாப்பிட வேண்டியது.

முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், காரட் இவற்றைப் பற்றியும் பயம் வேண்டாம். இவற்றில் இருப்பது கரோட்டின். உடம்பு தனக்கு வேண்டிய மட்டும் அதை ஏ வைட்டமினாக மாற்றிக்கொண்டு நிறுத்திக்கொள்ளும். நிறையத் தின்றால் உள்ளங்கை மஞ்சளாகலாம்; மஞ்சள் காமாலை மாதிரி கண் மஞ்சளாகாது. அதே கரோட்டினை மாத்திரையாக்கி விழுங்கினால் மட்டும் விஷயம் வேறு. பின்லாந்தில் சிகரெட் பிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துப் பரிசோதித்தார்கள். கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கும் என்பது எதிர்பார்ப்பு. 1994-ல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அந்த நோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது! பீடியும் சிகரெட்டும் பிடித்துக்கொண்டு, அதற்குப் பரிகாரமாகச் சத்து மாத்திரை தேடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

'சுகர்' என்று நினைத்தால்...

டி வைட்டமின் சங்கதியும் சொல்லியாக வேண்டும். இப்போது முதுகு வலி, மூட்டு வலி என்று போனால் 60,000 யூனிட் பொடிப் பொட்டலமோ மாத்திரையோ எழுதிக் கொடுப்பது சகஜம். வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம் என்று எழுதியிருப்பதைத் தினம் ஒன்று என்று சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு. 6 லட்சம் யூனிட் ஊசியை அடிக்கடி போட்டுக்கொண்டு அவதிப்பட்ட நோயாளிகளைப் பற்றிக் காஷ்மீர் டாக்டர்கள் 2011-ல் எழுதியிருக்கிறார்கள். டி மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, புத்தித் தடுமாற்றம் வரும். மூத்திரக் காயும் பழுதாகும். தாகமும் சிறுநீரும் அதிகமானதைப் பார்த்து 'சுகர்' வந்துவிட்டதோ என்று நினைக்கிறார்கள். சோதித்தால் சர்க்கரை சரியாக இருக்கிறது. கால்சியத்தையும் சோதிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? சத்து மாத்திரை சாப்பிடுவதை நோயாளி டாக்டரிடம் சொல்வதே இல்லையே. அதை அவர் மருந்தென்றே கருதுவதில்லை.

தண்ணீரில் கரைகிற ஜாதியும் முற்றிலும் சாது அல்ல. பி-6 வைட்டமினைத் தினமும் 2 கிராமும் அதற்கு மேலும் சாப்பிட்ட ஏழு பேருக்குக் கால் மரத்து நடை தள்ளாடியதை 1983-ல் அமெரிக்க டாக்டர்கள் தெரிவித்தார்கள். நரம்புக்கென்று விற்கிற மாத்திரையிலும் இந்த பி-6 உண்டு. நம் கடைகளில் சாதாரணமாக விற்பவற்றில் அளவு மிகக் குறைவு என்பது ஆறுதல்.

மேலே சொன்ன குறி ஏதாவது தென்பட்டால் முதல் காரியம் மாத்திரையை நிறுத்துவது. ஏ வைட்டமின் மிஞ்சியதால் வந்த தலைவலியும் தோல் உரிதலும், நிறுத்திய சில நாள் அல்லது சில வாரத்தில் பெரும்பாலும் தானே தணியும். முடி வளர மாதங்களாகும். டி வைட்டமின் விஷயத்தில் காத்திருக்கக் கூடாது. அது கொழுப்பில் தங்கிவிடுவதால் கால்சியம் இறங்க வாரக்கணக்கிலும் ஆகலாம். எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், சாப்பிட்ட அட்டை, குப்பி, பொட்டலக் காகிதம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது. மலையாளம் சரியாகப் பேச வராதவர்களுக்கு அதுவே பாதிப் பேச்சை மிச்சப்படுத்தும். கடையில் பத்து மாத்திரை அட்டையை வெட்டி நான்கு மட்டும் வாங்கும்போது, பெயரும் யூனிட் கணக்கும் அச்சிட்ட துண்டு கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. அந்தத் துண்டு இருக்கும் பக்கத்தை வெட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம். அல்லது அங்கேயே அதைப் பார்த்து ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளலாம்.