முகம் பார்க்கும் பொறி

காரியாபட்டிக்குத் தெற்கே, மானாவாரிக் கிராமம் ஒன்றில் வாழும் மூதாட்டி ஒருவரை அறிவேன். மழை பொய்த்த ஓராண்டில் பிழைப்புத் தேடி வெளியூர் சென்ற மகன், ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவான். "நல்லா இருக்கேம்மா" என்று அவன் சொல்லி முடிக்குமுன், "ஏய்யா, கொரலு ஒரு மாதிரியா இருக்கே, காய்ச்சலா?" என்பார். அவர் கணிப்பு பெரும்பாலும் தவறுவதில்லை.

அந்தத் தாயின் காதை இயந்திரத்துக்கு அளிக்க இயலுமா? விஞ்ஞானிகள் பலர் இன்று முனைந்திருக்கும் காரியம் இதுவே.

1966-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், 'எலைசா' என்னும் கணிப்பொறி நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்யும் வாக்கியத்தையே சற்று மாற்றி, கேள்வியாகத் திருப்பித் தருவதே அதன் தந்திரம். வேறு ஞானம் எதுவும் அதற்கு இல்லை. அது உருவானதை மாதக்கணக்கில் அருகிருந்து கண்ட அவருடைய செயலாளரே, அதனோடு சிறிது உரையாடியதும், தம்மைத் தனியே விட்டு வெளியே போகும்படி அவரைக் கேட்டுக்கொண்டாராம்! வைசன்பாம் திடுக்கிட்டார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து சிறுவயதில் வெளியேறிய யூதர் அவர். மனிதரின் தீர்ப்பும் பரிவும் தேவைப்படும் இடங்களைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கலாகாது என்று 1976-இல் ஒரு நூலே எழுதினார்.

அதே கழகத்தில் 1997-இல் ரோசலிண்ட் பிக்கார்ட் அம்மையார், உணர்ச்சியை அறியும் கணிப்பொறியைப் பற்றி நூல் எழுதி இத்துறைக்கு வித்திட்டார். தோலில் அரும்பும் வியர்வையின் மாற்றத்தை அளக்கும் மணிக்கட்டுப் பட்டையை அவர் குழு ஆராய்ந்தது. மாணவர் ஒருவர், பேச இயலாத தம் தம்பியின் மனநிலையை அறியலாமென்று இரு பட்டைகளை இரவல் வாங்கிச் சென்றார். ஒரு பட்டையின் அளவு திடீரென எகிறியது. ஆராய்ந்தபோது, அதை ஒட்டிய நேரத்தில் அச்சிறுவனுக்கு வலிப்பு வந்திருந்தது தெரிந்தது. வலிப்பை உணர்ந்து உறவினரை எச்சரிக்கும் பட்டைக்கு 2018-இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. இத்தகைய கருவியை யார்தான் வேண்டாமென்பர்?

ஆனால் உடலின் குறி வேறு, உள்ளத்தின் பொருள் வேறு. 2021-இல் லக்னோ காவல்துறை, தெருவில் செல்லும் பெண்களின் முகத்தில் துயரக்குறி கண்டால் காவலரை அழைக்கும் காமிராக்களை வைக்கப்போவதாக அறிவித்தது. நம் ஊர்ப் பெண் உச்சி வெயிலில் களையெடுக்கையில் கண்ணைச் சுருக்கி, புருவத்தை நெரிக்கிறாள். பொறி அதைக் கோபமென்று எழுதிக்கொள்ளுமா, அச்சமென்றா? லிசா ஃபெல்ட்மன் பேரட் முதலிய ஐந்து அறிஞர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து 2019-இல் கூறிய முடிவும் இதுவே: முகத்தை மட்டும் கொண்டு உணர்ச்சியை உறுதியாகச் சொல்ல இயலாது. ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவமும் பாதுகாப்பும் தவிர்ந்த காரணங்களுக்காகத் தொழிலகங்களிலும் பள்ளிகளிலும் இவ்வகைப் பொறிகளைப் பயன்படுத்துவதை 2025 பிப்ரவரி முதல் தடை செய்துள்ளது.

நகை, அழுகை, அச்சம், வெகுளி என மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியம் நம்முடையது. குறிப்பறிதலுக்கு இரு அதிகாரங்கள் ஒதுக்கினார் வள்ளுவர். அரசனருகே இருப்பவருக்கு ஒன்று, காதலருக்கு ஒன்று. இரண்டிலும் அறிபவரும் அறியப்படுபவரும் ஒருவருக்கொருவர் பழகியவர்களே.

எந்தப் பொறியும் பரிவை உண்மையாக அனுபவிக்க இயலாது என்று 2025 சனவரியில் வெளியான வத்திக்கான் ஏடும் கூறுகிறது. ஆயினும் தனித்திருக்கும் முதியோரிடம் கனிவாகப் பேசும் கருவிகள் வந்துவிட்டன. பொய்யான கனிவைவிட, அதைக் கேட்டு நிம்மதியடையும் நம்மையே நான் அஞ்சுகிறேன்.

அந்த மகனும் விடுமுறைக்கு வந்தபோது, அத்தகைய கருவியொன்று வாங்கி வைக்கட்டுமா என்று தாயிடம் கேட்டானாம். "வையிய்யா, ராவுல பேச்சுத் துணையாச்சு" என்றவர், சற்றுப் பொறுத்து, "அப்போ ஞாயித்துக்கிழமை நீ பேசமாட்டியா?" என்றார்.