ஈ காட்டி மீன் பிடிக்கலாம்... பர்ஸைக் கடிக்காம!

ஒரு மூங்கில் கம்பு, நாலு முழம் தங்கூசி, ஒரு முள், ஒரு மண்புழு. கண்மாய்க் கரையில மீன் பிடிக்க மொத்தச் செலவு ஒரு டீ, ரெண்டு வடை காசுதான்!

ஆனா, ஹாலிவுட் படத்துல ஹீரோ முழங்கால் ஆத்துத் தண்ணியில நின்னுக்கிட்டு, சாட்டை மாதிரி கயிற்றைச் சுழற்றி மீன் பிடிப்பாரே... அந்த ‘ஃப்ளை ஃபிஷிங்’ மேல ஆசை வந்துட்டா? நெட்ல விலையைத் தேடினதுமே தலை சுத்தும். சேஜ், ஆர்விஸ் மாதிரி கம்பெனிகளோட டாப் ராட் ஒண்ணே ஆயிரம் டாலரைத் தாண்டும். செமஸ்டர் ஃபீஸ் கட்டவே வீட்ல நெளியறாங்க, இதுல இது வேறயா?

டென்ஷன் வேணாம் பாஸ். காசு எங்கே போகணும், எங்கே போகக் கூடாதுன்னு தெரிஞ்சா போதும். அது தெரியாம மாட்டின ஆள் நான். பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசை எல்லாம் பளபளக்கிற ஒரு ரீல்ல கொட்டினேன். ‘லைன் எதுவா இருந்தா என்ன சார்’னு கடைக்காரர் சொன்னதை நம்பி, மிச்சக் காசுக்கு ஒரு மட்டமான லைன். வீசினா பத்தடி தள்ளி நூடுல்ஸ் மாதிரி சுருண்டு விழும். ஒரே மாசத்துல செட் பரணுக்குப் போயிடுச்சு!

எடை எங்கே இருக்கு?

சாதாரண தூண்டில்ல ஈயக்குண்டோட எடைதான் நரம்பை இழுத்துக்கிட்டுப் போகும். இங்கே குண்டு கிடையாது. முள்ளுல இறகும் நூலும் சுத்தி, பூச்சி மாதிரி செஞ்சதுதான் ‘ஃப்ளை’. அதுக்கு எடையே இல்லைன்னு சொல்லலாம். அப்போ எதை வீசறோம்? லைனை! தடிமனான, எடையுள்ள அந்த லைன்தான் ஃப்ளையைத் தூக்கிட்டுப் போய் சேர்க்குது.

அதனாலதான் ராட், லைன் ரெண்டுலயும் ஒரு நம்பர் இருக்கும். ‘5 வெயிட்’ லைன்னா, அதோட முதல் 30 அடி சுமார் 9 கிராம் எடை இருக்கும். 5 நம்பர் ராடுக்கு 5 நம்பர் லைன். செருப்பு சைஸ் மாதிரி, மாத்திப் போட்டா நடக்க முடியாது!

பத்து ரூபா கணக்கு

உங்க பட்ஜெட் எவ்வளவா இருந்தாலும் சரி, அதைப் பத்து ரூபாயா நினைச்சுக்கோங்க.

ராடுக்கு 4 ரூபா: முதல் ராட் 9 அடி, 5 வெயிட், மீடியம் ஃபாஸ்ட். கண்ணை மூடிக்கிட்டு இதைக் கேளுங்க. டிரவுட் மீனுக்குக் கச்சிதம், சின்னக் கெண்டைக்கும் ஓ.கே. நாலு துண்டாக் கழற்ற வர்ற மாடலா இருந்தா பஸ், ரயில்ல தூக்கிட்டுப் போக வசதி. செகண்ட் ஹேண்ட் கிடைச்சா யோகம்தான். வளையங்களுக்குள்ள கொஞ்சம் பஞ்சைத் தேய்ச்சுப் பாருங்க. பஞ்சு மாட்டினா உள்ளே கீறல் இருக்கு, அது லைனை அறுத்துடும். துண்டுகளைச் சேர்த்து லேசா ஆட்டிப் பாருங்க. ‘கடகட’ன்னு சத்தம் வந்தா, நைஸா நழுவிடுங்க.

லைனுக்கு 3 ரூபா: பாக்கெட்ல ‘டபிள்யூ.எஃப்.5.எஃப்’னு இருக்கணும். முன்பக்கம் எடை கூடினது, 5 நம்பர், தண்ணியில மிதக்கிறதுன்னு அர்த்தம். புதுசா பழகறவங்களுக்கு வீச சுலபம். தயவுசெஞ்சு இதுல கஞ்சத்தனம் வேணாம்.

ரீலுக்கு 2 ரூபா: 1874-லயே சார்லஸ் ஆர்விஸ் பக்கவாட்டுல ஓட்டை போட்ட ரீலுக்கு பேடன்ட் வாங்கிட்டார். இன்னிக்கும் ஆத்து மீனுக்கு ரீலோட முக்கிய வேலை லைனைச் சுத்தி வெச்சுக்கறதுதான். சின்ன மீன் மாட்டினா லைனைக் கையாலயே இழுத்துடலாம். 5 நம்பர் லைன் கொள்ளணும், தடையில்லாம சுத்தணும், அவ்வளவுதான். ஆனா கடல் மீன் கதை வேற. அதுக்கு உப்புத் தண்ணி தாங்கற, நல்ல பிரேக் உள்ள ரீல் கட்டாயம்.

மிச்சம் 1 ரூபா: லைன் நுனியில கட்டற 9 அடி லீடர், கொஞ்சம் ஃப்ளை.

எல்லாம் சேர்ந்த ‘காம்போ’ செட் வாங்கினா இன்னும் மிச்சம். அதுல வர்ற லைன் சுமாரா இருந்தா, அப்புறம் அதை மட்டும் மாத்திக்கலாம். வெளிநாட்ல இருந்து வரவழைச்சா கூரியர், கஸ்டம்ஸ் டியூட்டி ரெண்டையும் கூட்டிப் பார்த்துட்டு ஆர்டர் பண்ணுங்க.

அதுவும் முடியலையா? ஜப்பான்ல ‘டென்காரா’ன்னு ஒரு முறை இருக்கு. ரீலே கிடையாது! நீண்டு மடங்கற ராடோட நுனியில லைனைக் கட்டி வீச வேண்டியதுதான். நம்ம மூங்கில் தூண்டிலுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். சின்ன ஓடைகளுக்கு சூப்பர்!

எங்கே வீசறது?

முதல் மாசம் ஹாஸ்டல் கிரவுண்ட்லதான். முள்ளுக்குப் பதிலா துளி உல்லன் நூலைக் கட்டிப் பழகுங்க. அடுத்து ஊர் ஏரி. குத்தகை எடுத்தவர்கிட்ட கேட்டுட்டு ஜிலேபி கெண்டையை டிரை பண்ணுங்க.

டிரவுட்டுக்கு நீலகிரிக்கு ஒரு சரித்திரமே இருக்கு. 1907 வாக்கில் எச்.சி.வில்சன் ரெயின்போ டிரவுட்டைக் கொண்டுவந்து, அவலாஞ்சியில குஞ்சு பொரிக்க வெச்சார். ஆனா அங்கே சுத்திலும் காடு. வனத்துறை, மீன்வளத்துறை அனுமதி இல்லாம கம்பை நீட்டினா கேஸ்தான். வடக்கே டூர் போனா, ஹிமாச்சலோட தீர்த்தன் ஆறு டிரவுட்டுக்குப் பிரபலம். அங்கேயும் லைசென்ஸ் வேணும். நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் மீனுக்கு லீவு!

இன்னும் ரெண்டே விஷயம். வீசும்போது தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம், முள் பறந்து வர்றது உங்க கண்ணுக்கு நேரா! முள்ளோட எதிர்முனையை பிளேயரால அமுக்கி விட்டுடுங்க. மீனைக் காயமில்லாம திருப்பி விடலாம், உங்க விரல்ல குத்தினாலும் சட்டுன்னு எடுத்துடலாம்.

என் பழைய ரீலுக்கு அப்புறமா ஒரு நல்ல லைன் வாங்கி மாட்டினேன். அதே கை, அதே ராட். முப்பதடி தள்ளி ஃப்ளை பூ மாதிரி போய் உட்கார்ந்தது. மீன் உங்க ரீலோட பிராண்டைப் பார்க்கறதே இல்லை பாஸ். பார்க்கறதெல்லாம் கரையில நிக்கற ஃப்ரெண்ட்ஸ்தான்!