களி இறங்கும் தொண்டை: பக்கவாதமும் விழுங்கலும்

தருமபுரிப் பக்கம் களியை மென்று தின்பதில்லை. உருண்டையிலிருந்து கிள்ளி, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவார்கள். நாக்கு பின்னால் தள்ளுகிறது. குரல்வளை மேலெழும்பி மூச்சுக்குழாயின் வாய் அடைபடுகிறது. களி உணவுக்குழாய்க்குள் இறங்குகிறது. தொண்டையைக் கடக்க ஏறக்குறைய ஒரு விநாடிதான். அதற்குள் சுமார் 30 ஜோடித் தசைகள் முறை தவறாமல் இயங்க வேண்டும். பக்கவாதம் இந்த முறையைக் குலைக்கிறது. கை, கால் விழுந்தது கண்ணுக்குத் தெரியும், தொண்டை தளர்ந்தது தெரியாது. பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொடக்க நாட்களில் இந்தச் சிக்கல் உண்டு.

ஆள் சாய்ந்ததும் வீட்டார் பதறிப்போய், படுத்த வாக்கிலேயே பாலாடையில் தண்ணீரோ பாலோ புகட்டுகிறார்கள். பரிவால் செய்வதுதான், ஆனால் மிக ஆபத்தானது. தண்ணீர் ஓடுகிற வேகத்துக்குத் தளர்ந்த தொண்டை ஈடுகொடுக்காது. அது நுரையீரலில் இறங்கினால் நிமோனியா வரக்கூடும். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையைத் தட்டுவது ஊர் வழக்கம். ஆனால் பக்கவாதத்தில் சிலருக்கு இருமலே வராமல் புரையேறும். அதனால் இருமவில்லை என்பதை நம்பி எதையும் கொடுக்க முடியாது.

ஆகவே மருத்துவமனையில் விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்க்கும்வரை வாய்வழியாக எதுவும், மாத்திரைகூட, கூடாது. நோயாளி விழிப்பாக இருக்கிறாரா, நிமிர்ந்து உட்கார முடிகிறதா, எச்சிலை விழுங்குகிறாரா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு ஒரு தேக்கரண்டித் தண்ணீர். விழுங்கியதும் குரல் களகளவென்று ஈரமாக ஒலித்தால் சோதனை அங்கேயே நிற்கும். ஆஸ்திரியாவில் உருவாகி 2007-இல் வெளியான முறை கூழ்ப்பதத்தில் தொடங்கித் தண்ணீருக்கும், பிறகு திடப்பொருளுக்கும் போகிறது. சந்தேகம் நீடித்தால் மூக்குவழியாக மெல்லிய கேமரா, அல்லது விழுங்கும்போதே எடுக்கும் எக்ஸ்ரே படம்.

முதற்கட்டச் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம், பயிற்சி பெற்ற செவிலியர் போதும். ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், செவிலியர்கள் காய்ச்சல், சர்க்கரை, விழுங்கல் மூன்றையும் ஒழுங்காகக் கவனித்த இடங்களில் 90 நாளுக்குள் இறந்தவர்களும் பிறரை நம்பியிருந்தவர்களுமாக 42 சதவீதம். மற்ற இடங்களில் 58. தருமபுரிப் பக்கத்துப் பென்னாகரம், அரூர் போன்ற ஊர்களுக்கும் எட்டக்கூடிய வேலை இது.

பலருக்குச் சில வாரங்களில் விழுங்கும் திறன் மீள்கிறது. மூளையின் இரு பக்கமும் இந்த வேலையில் பங்குகொள்வதால், சேதப்படாத பக்கம் பொறுப்பை ஏற்கிறது. அதுவரை மூக்குக் குழாய்வழி உணவு தரப்படலாம். கூடவே தொண்டைப் பயிற்சியும் வேண்டும், வாயைத் தினமும் சுத்தம் செய்யவும் வேண்டும். வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலில் இறங்கியும் நிமோனியாவைத் தூண்டுகின்றன.

உணவில் பதம்தான் முக்கியம். 10 மி.லி. சிரிஞ்சில் நிரப்பி 10 விநாடி ஒழுகவிட்டு, மிஞ்சுவதை வைத்துத் திரவத்தின் கெட்டியை அளக்கும் உலகப் பொதுமுறை ஒன்று இருக்கிறது. கட்டியில்லாத கேழ்வரகுக் கூழை வேண்டிய பதத்துக்குக் காய்ச்சலாம். நொய்யும் வெங்காயமும் மிதக்கும் கூழ் ஆகாது. திரவம் முந்தி ஓட, பருக்கை பின்தங்கும். ஒட்டும் தன்மையுள்ள களி கடைசியாகத்தான், அதுவும் மருத்துவர் சொன்ன பிறகு. சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது நிமிர்ந்தே உட்கார வைக்க வேண்டும்.