உங்களுக்குத் தெரியுமா? கசிவது 1 மி.மீ., குழாய் 25 மி.மீ.!

200 பார் அழுத்தக் காற்றில் இயங்கும் கருவிக்குள், கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் தேய்ந்து 1 மி.மீ. விட்டத்துக்கு ஓட்டை விழுந்தால், வெளியழுத்தத்துக்கு விரிந்த நிலையில் விநாடிக்கு 20 லிட்டருக்கும் அதிகமாகக் காற்று கொட்டும். ஓட்டையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடுவதால், கசிவைத் தீர்மானிப்பவை உள்ளழுத்தமும் ஓட்டையின் பரப்பும்தான். கசிந்த காற்றைக் கருவியின் வெளிக்கூட்டிலிருந்து வெளியேற்றும் வென்ட் குழாயைப் பெரிதாக வைப்பதால் கசிவு அதிகரிக்காது. சிறிதாக வைத்தால்தான் ஆபத்து! 10 மி.மீ. குழாயில் அதே காற்று விநாடிக்கு 250 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய வேண்டும். அழுத்தம் பின்னோக்கி ஏறி, அதைத் தாங்காத வெளிக்கூடு பிளந்துவிடலாம். 25 மி.மீ. குழாயில் வேகம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே. குழாய் நீளமும் ஒவ்வொரு எல்போ வளைவும் கூடத் தடைதான். குழாய் வாயைக் குளவிக்கூடு அடைத்திருந்தால் எந்தக் கணக்கும் உதவாது. பராமரிப்பின்போது அதையும் கட்டாயம் சோதியுங்கள்.