மானியமும் நிலமும்: சன்பிளவர் மாவட்டம் பற்றிய ஒரு நோக்கு

'விவசாயிக்கு மானியம்' என்னும் தொடரிலே விவசாயி யார் என்பது தெளிவாகாதவரை அது எதனையும் விளக்குவதில்லை. நிலத்தின் உரித்தாளரா, அதனை வாரத்துக்குச் செய்பவரா, கூலிக்குப் பருத்தி கொய்பவரா? அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சன்பிளவர் மாவட்டத்தைக் கொண்டு இதனை நோக்குவோம். பெயர் சூரியகாந்தியைக் குறிப்பினும் அங்கு வாழ்வைத் தீர்மானித்த பயிர் பருத்தியே.

பெருமந்தத்தினால் பருத்தி விலை வீழ்ந்திருந்த காலத்தில், 1933 இல், விவசாயச் சீராக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்பது அதன் தர்க்கம். அவ்வாண்டிலேயே தென் மாநிலங்களில் ஏறத்தாழ 1 கோடி ஏக்கரில் நின்ற பருத்தி உழுது அழிக்கப்பட்டது. பயிரிடாது விடும் நிலத்துக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது.

பணம் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதே இங்கு கருதற்பாலது. 1934-35 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இறாத்தலுக்கு 3½ சதம் நிலவாடகையாகவும், 1 சதம் விலைச்சமநிலைக் கொடுப்பனவாகவும் கணக்கிடப்பட்டது. வாடகை முழுவதும் உரித்தாளருக்கு. மற்றையதிற் பாதி மாத்திரமே வாரக்குடிக்கு. ஆகவே 4½ சதத்தில் உரித்தாளர் பெற்றது 4 சதம், வாரக்குடி பெற்றது அரைச் சதம். அந்த அரைச் சதமும் பெரும்பாலும் உரித்தாளர் கைவழியே, தோட்டக்கடைக் கடன் கழிக்கப்பட்ட பின்னரே வந்தது.

குடிகளின் வழமையான தொகையை உரித்தாளர் 'இயன்றவரை' பேணல் வேண்டும் என ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு கூறிற்று. அந்த 'இயன்றவரை'யின் இடைவெளியால் எத்தனையோ குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஏக்கர் குறைந்தால் வேலை குறையும். குடியை நீக்கிக் கூலியாளை வைத்தால் அரைச் சதமும் மிஞ்சும். இப்பிரிவைக் குடிகளுக்குச் சார்பாக விளக்க முயன்ற சட்ட அலுவலர்கள் 1935 பெப்ரவரியில் பதவி நீக்கப்பட்டனர். அண்டை மாநிலமான ஆர்க்கன்சாவில் 1934 இல் வெள்ளையரும் கறுப்பரும் ஒருங்கே அமைத்த தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கம் இவ்வெளியேற்றங்களை எதிர்த்தே போராடிற்று. 1936 இல் உயர் நீதிமன்றம் சட்டத்தைச் செல்லுபடியற்றதாக்கியும், வேறு சட்டங்களின் பெயரிற் கொடுப்பனவு தொடர்ந்தது.

கையில் வந்த பணம் உழவு இயந்திரமாக மாறியது. 1944 இல் அயலிலுள்ள கிளார்க்ஸ்டேலில் பருத்தி கொய்யும் இயந்திரம் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டப்பட்டது. அதன்பின் குடிகளின் தேவை விரைவாகக் குறைந்தது. இயந்திரம் மாத்திரமே மக்களை வெளியேற்றியது என்று கூறுவோர் உளர். அவ்வியந்திரத்தை வாங்கும் ஆற்றலை உரித்தாளருக்கு மாத்திரம் அளித்தது எது என அவர்கள் வினவுவதில்லை.

1960களில் இம்மாவட்டத்தில் இருவர் வாழ்ந்தனர். ஒருவர் டொட்ஸ்வில்லில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பருத்தித் தோட்டமுடைய செனற்றர் ஜேம்ஸ் ஈஸ்ற்லண்ட். செனற் சபையின் விவசாயக் குழுவிலும் அங்கம் வகித்தவர். 1967 இல் அத்தோட்டம் பெற்ற அரசாங்கக் கொடுப்பனவு ஓர் இலட்சம் டொலரை விஞ்சியது. மற்றவர் ரூல்வில்லைச் சேர்ந்த பானி லூ ஹேமர். வாரக்குடிக் குடும்பத்தின் இருபது பிள்ளைகளுள் இளையவரான இவர், பதினெட்டு ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து, வாக்காளராகப் பதிய முயன்றமைக்காக 1962 இல் வெளியேற்றப்பட்டார். முன்னவரே அரசாங்கக் கணக்கேட்டின் 'விவசாயி'. 1969 இல் ஹேமர் சுதந்திரப் பண்ணை என்னும் கூட்டுறவை 40 ஏக்கருடன் தொடங்கினார். 1970களிலேயே அது நிலத்தை இழந்து மறைந்தது.

1970 ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவருக்கு ஒரு பயிருக்கு 55,000 டொலர் என உச்சவரம்பு விதித்தது. தோட்டங்களோ மனைவி, மக்கள், பங்காளர் பெயர்களிற் பிரிந்தன. நிலம் பிரியவில்லை, தாள்களே பிரிந்தன. 1987 இல் விதிகள் இறுக்கப்பட்டும் பெயர்ப் பெருக்கம் முற்றாக ஒழியவில்லை. கறுப்பின விவசாயிகளுக்கு விவசாயத் திணைக்களம் கடனிலும் உதவியிலும் இழைத்த பாகுபாடு பற்றிய வழக்கு 1999 இலேயே இணக்கத்துக்கு வந்தது. அதற்குள் அவர்களுட் பலர் நிலத்தை விட்டகன்றிருந்தனர்.

இன்றும் முக்கிய பயிர்களுக்கான கொடுப்பனவுகள் 'அடிப்படை ஏக்கர்' எனப் பதிவான நிலத்தைச் சார்ந்தே கணக்கிடப்படுகின்றன. காசுக் குத்தகையாயின் சட்டப்படி அதனைப் பெறுபவர் குத்தகையாளரே. ஆயினும் மானியமுள்ள நிலத்துக்குக் குத்தகை உயர்வதால், அதன் ஒரு பகுதி மீண்டும் உரித்தாளரையே சென்றடைகின்றது.