விமானம் ஏற ‘தலைவரி’யா? நெய்வேலி வட்டாரம் போட வேண்டிய கணக்கு!

குள்ளஞ்சாவடி, –

சின்ன ஊர் விமான நிலையத்தில் ஏறுகிறவரிடம் டிக்கெட் காசு போக தனிக் கட்டணமும் வசூலிக்கலாமா? முந்திரித் தோப்பு சூழ்ந்த குள்ளஞ்சாவடிக்கும் இந்தக் கேள்வி சொந்தம்தான்.

பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் விமானத் தளம் இருக்கிறது. 2017-ல் ‘உடான்’ பட்டியலில் அதன் பெயர் வந்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி இருக்கைகள் 2,500 ரூபாய்க்குள் என்றார்கள். 2024 முடிந்தும் பயணி விமானம் வரவில்லை!

டெல்லியில் 2009-ல் உள்நாட்டுப் பயணியிடம் 200 ரூபாய், வெளிநாடு போகிறவரிடம் 1,300 ரூபாய் ‘அபிவிருத்திக் கட்டணம்’ கறந்தார்கள். ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்காத வசூல் செல்லாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

டெல்லியில் கூட்டம் அலைமோதும். செலவைப் பல லட்சம் பேரிடம் பிரித்துப் போடலாம். இங்கே ஏறப் போவது சில பேர். அவர்கள் தலையில் கட்டினால், ‘போய்யா, பஸ்ஸே போதும்’ என்று கடலூர் ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். விமானம் காலியாகப் பறக்கும். பிறகு நின்றே போகும்.

பெரிய ஊர் விமானங்களிடம் தீர்வை வாங்கிச் சிற்றூர்ச் சேவைக்குக் கொடுப்பது உடான் வழி. அதுதான் நியாயம். முதலில் விமானம் வரட்டும், கூட்டம் சேரட்டும். உண்டியலை அப்புறம் வைக்கலாம்!